ஐந்தாம் வருடத்தோடு எங்கள் ஃபைலை மூடிவிடாதீர்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், சென்னையில் இரைப்பை, உணவுக்குழாய் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அனைவருக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருப்பவள். இரைப்பையில் புற்றுநோய் வந்து, முழு இரைப்பையையும் எடுத்துவிட்டு, உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைத்து அனுப்பினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் அந்த ஆபரேஷனை எங்கள் வீட்டில் யாரும் நினைத்தே பார்த்திருக்க முடியாது. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்தாம் வருட முடிவில், "சுத்தமா இருக்கும்மா, இனிமே நீங்க வர வேண்டியதில்ல" என்றார் டாக்டர். வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். (அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.)

என்னைப் பிழைக்க வைத்தவர்கள் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. என் வழக்கு எல்லாம் அந்த "இனிமே வர வேண்டியதில்ல" மேல்தான்.

புற்றுநோய்க்கு ஐந்து வருடம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். சரி. ஆனால் இரைப்பை இல்லாதவர்களுக்கு இன்னொரு கணக்கு ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் தீர்கிறது. ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின் பி12-இன் கணக்கு. மீன், முட்டை, பால், கறி எல்லாவற்றிலும் பி12 இருக்கிறது. தின்றால் மட்டும் அது உடம்பில் சேர்ந்துவிடாது. இரைப்பைச் சுவரிலுள்ள செல்கள் சுரக்கிற ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைக்கோடி வரை கூட்டிப் போக வேண்டும். அங்கேதான் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். இரைப்பை போனால் அந்தப் புரதமும் போயிற்று. அன்றிலிருந்து எத்தனை முட்டை தின்றாலும் வரவு அநேகமாகக் கிடையாது, செலவு மட்டும்தான். கல்லீரலில் சில மில்லிகிராம் சேமிப்பு இருப்பதால் உடனே தெரிவதில்லை. ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தது ஒரு மில்லிகிராம். அதனால் இருப்பு இரண்டு மூன்று வருடம் தாங்கும், சிலருக்கு ஐந்து வருடம்கூடத் தாங்கும். கறி மீன் தொடாதவர்களுக்கு இருப்பே குறைவு, இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தையல் மெஷினில் பாபின் நூல் தீர்ந்த பிறகும் மேல் நூல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சத்தமும் மாறாது. துணியைத் தூக்கிப் பார்த்தால்தான் தையலே விழவில்லை என்று தெரியும். எனக்கு நடந்தது அதுதான்.

ஜூன் மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற சீசன். வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைக்கக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். காஜா எடுக்க வருகிற பெண் "அக்கா, ரத்தம்!" என்று கத்தினாள். இடது கைப் பெருவிரல் நுனியில் குண்டூசி ஏறி நிற்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. சட்டையின் முன்பக்கம் நெடுகச் சிவப்புப் புள்ளிகள். அந்தச் சட்டையை மூன்று முறை அலசியும் கறை போகாமல், புதுத் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்கு முன்பே கத்தரிக்கோல் கையை விட்டு நழுவும். பெடல் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் மிதிப்பேன். களைப்பைச் சொல்லி முடியாது. ஜாக்கெட்டுக்கு அளவு எடுப்பேன், நோட்டில் எழுதுவதற்குள் எண் மறந்துவிடும். ஒன்றை வெட்டிவிட்டு அந்த வெட்டுப் பலகை மேலேயே தலையைச் சாய்த்துவிடுவேன்.

இதையெல்லாம் நான் சொல்லாமல் இல்லை. தெருமுனை கிளினிக்கில் சொன்னேன், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னேன், இன்னும் ஓரிரண்டு இடத்தில் சொன்னேன். கிடைத்த பதில்களைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். என்னைப் போன்ற எல்லாருக்கும் கிடைப்பவை இவைதான்.

முதல் பதில்: "வயசாகுதுல்லம்மா." பெண்ணாக இருந்தால் கூடவே, "மாதவிலக்கு நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்."

அடுத்தது: "ஹீமோகுளோபின் பதினொண்ணுக்கு மேல இருக்கே, பெருசா ஒண்ணும் இல்ல." என் மகள் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவள். அவள் புத்தகத்தைப் பிரித்துக் காட்டித்தான் எனக்கு இது புரிந்தது. பி12 குறைந்தால் ரத்தச் சிவப்பணு பெரிதாகும், இரும்பு குறைந்தால் சிறிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் ரிப்போர்ட்டில் சராசரி அளவு சரியாக இருப்பதாகவே காட்டும். அதைவிட மோசம், ரத்தசோகை வராமலே நரம்பு கெடலாம். ஆகவே இரைப்பை இல்லாதவருக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து அனுப்புவது போதாது. பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), ஃபோலிக் ஆசிட், கால்சியம், வைட்டமின் டி இவ்வளவையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தம் தேறிவிடும், எல்லாரும் நிம்மதியாகி விடுவார்கள், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

மூன்றாவது, சென்னையில் தடுக்கி விழுந்தால் கேட்கலாம்: "முருங்கைக்கீரை சாப்பிடுங்க." முருங்கைக்கீரைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கீரையிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்ற இரைப்பையின் அமிலம் வேண்டும். அது என்னிடம் இல்லை. இரும்பை அதிகமாக உறிஞ்சுகிற இடம் சிறுகுடலின் முதல் பகுதி. சோறு போகிற வழியில் இப்போது அந்தப் பகுதியே இல்லை, அதை ஒதுக்கிவிட்டுத்தான் கீழே இணைத்திருக்கிறீர்கள். போதாததற்குச் சாப்பிட்ட கையோடு ஒரு டீ. வந்து சேரும் கொஞ்சத்தையும் அது கெடுக்கும். எங்கள் பாட்டி காலத்து யோசனையான சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், இந்த விஷயத்தில் கீரையைவிட ஒரு படி மேல், ரத்தத்திலிருக்கும் இரும்புக்கு அமிலம் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் பி12-க்கு அதுவும் உதவாது. ஒரு காலத்தில், அதாவது 1920களில், பி12 குறைபாட்டால் வருகிற ஒருவகை ரத்தசோகைக்கு நோயாளிகளைத் தினமும் ஏறக்குறைய கால் கிலோ ஈரல் தின்ன வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1934-ல் நோபல் பரிசு. 1948-ல் பி12-ஐயே தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் நான் கேட்பது புது வைத்தியமே இல்லை, என் வயதைவிட மூத்த வைத்தியம்.

நான்காவது பதில்தான் எனக்குப் பயம் தருகிறது: "ரொம்ப டயர்டா இருக்கீங்க, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்குங்க." நம் ஊரில் களைப்புக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது டீ குடிப்பது போல ஆகிவிட்டது. இந்த ஆபரேஷன் ஆனவர்கள் பல நாள் வாந்தி எடுத்து, சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் தயாமின், அதாவது பி1, தீர்ந்திருக்கும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் ஒருபக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். பாட்டிலை மாட்டும் முன் வயிற்றில் தழும்பு இருக்கிறதா, சமீபத்தில் வாந்தி இருந்ததா என்று இரண்டு கேள்வி கேட்கச் சொல்லி எல்லா கிளினிக்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப உங்களால் முடியாதா?

கடைசியில் என்னைக் கண்டுபிடித்தவர் நரம்பியல் பிரிவில் இருந்த இளம் டாக்டர், பயிற்சி முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. ஒரு இரும்புக் கவையை மேஜையில் தட்டி என் கணுக்கால் எலும்பின் மேல் வைத்தார். "அதிர்வு தெரியுதாம்மா?" தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், லேசாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார், நிற்க முடியவில்லை. அவர்தான் தாங்கிப் பிடித்தார். அப்புறம்தான் புடவை விலகிய இடத்தில் தழும்பைப் பார்த்தார். "எப்ப ஆபரேஷன் ஆச்சு? பி12 ஊசி போட்டுட்டு வர்றீங்களா?" அப்படி ஒரு ஊசி உண்டு என்பதையே அன்றைக்குத்தான் கேட்டேன். என் டிஸ்சார்ஜ் சம்மரியை அவர் நான்கு பக்கமும் புரட்டினார். கட்டி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நெறிக்கட்டி எடுத்தார்கள், எந்த நூலால் தைத்தார்கள் எல்லாம் இருந்தது. அந்த ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதலில் அடிக்கடி போட்டு, பிறகு மாதம் ஒன்றாக்கினார்கள். களைப்பு சில வாரத்தில் இறங்கியது. மறதியும் குறைந்தது. இடது கை விரல் நுனிகளும் பாதங்களும் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. தாமதமானால் நரம்பு எல்லாவற்றையும் திருப்பித் தராது என்று அந்த டாக்டர் மறைக்காமல் சொன்னார். குண்டூசி குத்துகிற வேலையை இப்போது காஜா எடுக்கிற பெண் செய்கிறாள். அந்த ஊசியின் விலை ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கும். ஒரு தடவை பி12 அளவு பார்க்கத் தனியார் லேபில் கொடுப்பதுதான் பல நூறு ரூபாய்.

நான் ஒருத்தி மட்டும் என்றால் இப்படிப் பொதுவில் எழுதமாட்டேன். இரைப்பைப் புற்றுநோய் சென்னை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முன்வரிசையில் இருப்பதை 1980களின் தொடக்கத்திலிருந்து நடக்கிற சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டிக்கொண்டே இருக்கிறது. அதைத் தவிர இரண்டு கூட்டம் இருக்கிறது, அவர்களை யாரும் எண்ணுவதே இல்லை.

ஒன்று, பழைய அல்சர் ஆபரேஷன்காரர்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அல்சர் முற்றினால் கத்திதான். நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். அல்சருக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்து, மாத்திரையிலேயே குணமாக்க ஆரம்பித்த பிறகு அந்த ஆபரேஷன் அருகிவிட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2005-ல் நோபலும் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு ஆபரேஷன் ஆனவர்கள் இன்றைக்கு எழுபது வயதில் நம்மிடையே நடமாடுகிறார்கள். என் கடைக்கு எதிரே இஸ்திரி போடுகிற பெரியவர் அதில் ஒருவர். வருடக்கணக்காக இரும்புச் சத்து மாத்திரை விழுங்குகிறார், ரத்தம் ஏறவில்லை. "ஆபரேஷன் ஆகி நாப்பது வருசம் ஆச்சும்மா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று என்னிடமே கேட்டார். அவரிடம் கேட்க வேண்டியவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்று, ஆசிட் குடித்தவர்கள். ஆத்திரத்திலோ விரக்தியிலோ கழிவறை கழுவும் ஆசிட்டைக் குடித்து, பிழைத்து, உணவுக்குழாயும் இரைப்பையும் சுருங்கிப்போய் மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பலர் இளம் பெண்கள். இருபது வயதில் ஆபரேஷன் என்றால் இன்னும் ஐம்பது வருடம் வாழ வேண்டியவர்கள். மருத்துவமனை வராந்தாவில் எனக்குப் பழக்கமான ஒரு பெண், "சாப்பிட்டா படபடன்னு வருதுக்கா, அதனால மத்தியானம் சாப்பிடுறதையே விட்டுட்டேன்" என்றாள். வெட்கத்தில் டாக்டரிடமும் சொல்லமாட்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி, கர்ப்பமானால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது (இல்லாத வயிறுதான், இருந்தாலும் கலங்குகிறது).

அவள் சொன்ன படபடப்புக்குத்தான் பாயசக் கதை. இரைப்பை இல்லாதவர் இனிப்பை நிறையச் சாப்பிட்டால் அது அப்படியே சிறுகுடலில் போய்க் கொட்டும். பத்து நிமிடம், அரை மணிக்குள் வயிறு முறுக்கும், வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது அடங்கிய பிறகும் விடாது. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை சர்ரென்று இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும். பக்கத்திலிருப்பவர் பதறிப்போய் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார். உடனே தெளியும், ஆனால் அதோடு நின்றால் சுற்று மறுபடி தொடங்கும். பின்னாலேயே ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ உள்ளே போக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, முதலில் முட்டை, பருப்பு, மீன், பிறகுதான் சோறு, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடிப்பது. இவ்வளவுதான் விதி. இதை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. "லேசான ஆகாரம்" என்றார்கள். நம் ஊரில் லேசான ஆகாரம் என்றால் கஞ்சி, ரஸ்க், பாலில் நனைத்த ரொட்டி. எல்லாமே தண்ணியும் மாவும் சர்க்கரையும். புரதம் இல்லாமல் தசை கரைந்து, அந்தக் களைப்பு ஒரு பக்கம்.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாகக் கிடைக்கிற கால்சியம் கார்பனேட் மாத்திரை கரைய அமிலம் வேண்டும். எங்களுக்கு ஏற்றது கால்சியம் சிட்ரேட். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை என்று அர்த்தம், அதோடு ஏ, டி போன்ற வைட்டமின்களும் வெளியே போகும். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குகிற கணைய என்சைம் மாத்திரை அதற்கு இருக்கிறது. இவை இரண்டுமே நான் போன அரசு மருந்தகத்தில் இல்லை, வெளியே வாங்குகிறேன்.

எல்லாக் களைப்பும் சத்துக் குறைவால்தான் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், நோயே திரும்பியும் இருக்கலாம். அதனால்தான் களைப்பு என்று வந்து நிற்பவரைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.

செயலாளர் அவர்களே, உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்துக்கு முன்னால், தமிழில், பெரிய எழுத்தில் ஒரே ஒரு தாள் இணையுங்கள். இவருக்கு இரைப்பை இல்லை (அல்லது பாதிதான் இருக்கிறது, அல்லது உணவுக்குழாய் எடுக்கப்பட்டது). ஆயுள் முழுவதும் பி12 தேவைப்படலாம். வருடந்தோறும் இன்னின்ன ரத்தப் பரிசோதனை. இப்படிச் சாப்பிட வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றக்கூடாது. அவ்வளவு போதும். அதை எந்த டாக்டரிடமும் நீட்டலாம்.

ஐந்தாம் வருடத்தில் புற்றுநோய் ஃபைலை மூடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடுகிற அன்றே அந்த நோயாளியின் பெயர் அவர் வீட்டுக்குப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைக்கு வீட்டு வாசல் வரை வருகிறார்கள். எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள், நல்ல பிள்ளைகள். அவர்கள் ஊசி போட வேண்டாம், அது நர்ஸ் வேலை. "உங்க ஊசி தேதி வந்துடுச்சு" என்று நினைவூட்டினால் போதும். வீடு வீடாகப் போகும்போது "வயித்துல எப்பவாவது ஆபரேஷன் ஆச்சா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் எதிர்க்கடை இஸ்திரிப் பெரியவரும் கிடைப்பார், வெளியே சொல்லாத அந்தப் பெண்ணும் கிடைக்கலாம். பி12 ஊசி, கால்சியம் சிட்ரேட், கணைய என்சைம் மூன்றும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக அந்த நிலையங்களுக்குத் தடையில்லாமல் வர வேண்டும். மாத்திரையில் இரும்பு ஏறாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் வசதியை எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை போனால் கிடைக்கும் என்று அங்கேயே எழுதி ஒட்டலாம்.

ஊசிக்கு வர முடியாதவர்களுக்குத் தினமும் ஆயிரம் மைக்ரோகிராம் பி12 மாத்திரையும் ஒரு வழி என்று டாக்டர் சொன்னார். அந்தப் புரதம் இல்லாமலே அதில் ஒரு சின்னப் பங்கு உள்ளே போய்விடுமாம். யாருக்கு எது என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். ஏதாவது ஒன்று கையில் வந்து சேர வேண்டும்.

அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1881-ல் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அந்தப் பெண் சில மாதம்தான் இருந்தார். நீங்கள் எங்களை வருடக்கணக்கில் வாழ வைக்கிறீர்கள். அதனால்தான் இந்தத் தொல்லையே வருகிறது, உங்கள் கைத்திறமையின் பலன் இது. உங்கள் புறநோயாளிப் பிரிவில் வாரம் ஒரு நாள் ஒரு டயட்டீஷியனை உட்கார வையுங்கள். கேட்டால் "லேசான ஆகாரம்" என்று சொல்லாதவராகப் பார்த்து வையுங்கள்.

தாளைத் தயாரித்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் என்னைப் போன்ற நாலு பேரிடம் படிக்கக் கொடுங்கள். எங்கே புரியவில்லை என்று சொல்லிவிடுகிறோம். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் மட்டும் கூப்பிட வேண்டாம், அது நான் மூன்றாவது வேளை சாப்பிடுகிற நேரம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
வியாசர்பாடி, சென்னை.